பிச்சையம்மாளின் மூடிய கண்கள்

பிரகதாம்பாள் பெரியவர் ஆவுடையப்பனின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"அய்யா, ஆட்டுனா விரலையும் சேத்து வெட்டிருவேன்."

"வெட்டிக்க. அந்தப் பெட்டிய எடு ஆத்தா."

காலையிலிருந்து இதே பேச்சு. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவருக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு தடவை தானாக எழுந்து, விழாமல் தப்பித்தார். இன்னொரு தடவை விழுந்தால் மறு இடுப்பும் போகும். பிரகதாம்பாள் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்து, பல வருடமாக வீடு வீடாகப் போகிறவள். அவள் பொறுப்பில் இதுவரை யாரும் விழுந்ததில்லை. அதனால் அவருடைய நல்ல காலைப் பழைய வேட்டித் துணியால் கட்டிலோடு தளர்வாகக் கட்டியிருந்தாள். கட்டக்கூடாது என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். சொன்னவர்கள் இவரைப் பார்த்ததில்லை.

பெட்டியில் இருந்தவை கண்ணாடி நெகடிவுகள். ஃபிலிம் சுருள் கைக்கு வருமுன், திருவரங்குளத்தில் அவர் ஸ்டூடியோ வைத்திருந்தபோது எடுத்தவை: தேர், கண்மாய், சந்தை மாடு, கல்யாண ஜோடிகள். மறுநாள் காலை ஆட்கள் வந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி ஊருக்கே காட்டுவதற்காக எடுத்துப் போக மகன் கோபிநாத் ஏற்பாடு செய்திருந்தான். அதைக் கேட்டதிலிருந்துதான் இந்த ஆட்டம்.

பெட்டியை இறக்கினாள். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது இல்ல. இதுவும் இல்ல. நடுங்காமப் பிடி."

"நடுங்குறது உங்க தலைங்க அய்யா."

ஒன்றில் அவர் பார்வை நின்றது. நாற்காலியில் ஒரு பெண், கழுத்து நிறைய மாலை. நெகடிவ் என்பதால் முடி வெள்ளை, முகம் கறுப்பு. கண்கள் மூடியிருந்தன. செத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பிரகதாம்பாளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வீரய்யா சம்சாரம் பிச்சையம்மாள். கண்ணத் தெறந்த மாதிரி வரஞ்சு தாரேன்னு சொன்னேன். அந்த மனுசன் திரும்ப வரல, நானும் போடல. நாளைக்கு ஊரே பாக்கப் போகுது. பொணமாவா போயி நிப்பா?"

பென்சிலைக் கொடுத்தாள். அவர் கை தாளம் போட்டது.

"நீ போடு."

"எனக்குக் கண்ண மூடிவிட்டுத்தாங்க பழக்கம்."

"போடுன்னா போடு!"

இமையின்மேல் கருவிழியாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள். பெரியவர் கட்டிலில் எகிறினார்.

"அடிப் பாவி! இதுல கறுப்பு வச்சா படத்துல வெள்ளையாயிரும். பூ விழுந்த கண்ணாக்கிட்டியே!"

"மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஆளு படுத்திருந்தாலும் வாய் எந்திரிச்சு நிக்கிது."

பஞ்சால் துடைத்தாள். கருவிழி வரவேண்டிய இடத்தை அவருடைய சவர பிளேடால் லேசாகச் சுரண்டினாள். சுற்றிலும் பென்சிலால் கறுப்பாக்கினாள். இடது கருவிழி கொஞ்சம் ஓரமாகப் போய்விட்டது.

"மாறுகண்ணாட்டம் இருக்கே."

"அப்ப மூடிரவா?"

"வேணாம், வேணாம். முழிச்சுக்கிட்டே போகட்டும்."

மறுநாள் காலை ஆட்கள் வந்து பெட்டியை எடுத்துப் போனார்கள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டும் பெரியவர் எழப் பார்க்கவில்லை; இட்லிக்குச் சட்னி காரமில்லை என்றார். பிரகதாம்பாள் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் அவர் காலையே பார்த்தாள். பிறகு வேட்டித் துணியை அவிழ்த்து, சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டாள். தூக்கி எறியவில்லை.