ஆதிமூலத்தின் பத்தொன்பது வழக்குகள்

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் போலீஸ் ஸ்டேஷன் எல்லையில் சாராய வழக்குகள் இரண்டாயிரத்து ஒன்றில் திடீரென்று குறைந்தன. "தீவிர நடவடிக்கையின் விளைவு" என்று அந்த வருட அறிக்கையில் எழுதியது நான்தான். ஸ்டேஷன் ரைட்டர் அப்படித்தான் எழுத வேண்டும். உண்மையான காரணம், ஆதிமூலத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அப்போதெல்லாம் ஓடையோரப் புதரில் சாராய ஊறல் பானை சிக்கும், ஆள் சிக்க மாட்டான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு குன்று நிற்கும், யாரைப் போய்த் தேடுவது? ஆனால் வழக்கென்றால் ஆள் வேண்டும். ஊரில் முறை வைத்து ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள், நாங்களும் எழுதிக்கொள்வோம். வெட்கக்கேடுதான், மறைக்கவில்லை. கைக்குழந்தைக்காரனுக்கு முறை வந்தால், கல்யாணமாகாத ஆதிமூலம் அவனுக்குப் பதிலாக வருவார். அவர் உள்ளே இருக்கும் நாட்களில் அந்த வீட்டார் அவருடைய மரவள்ளிக்குக் களை எடுத்துக் கொடுப்பார்கள். இப்படிப் பத்தொன்பது வழக்கு. மனிதர் சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. சாட்சிப் பானையைத் தூக்கி வரச் சொன்னால், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு குமட்டிக்கொண்டே வருவார். இப்படி ஒரு குற்றவாளியை எந்த ஸ்டேஷனும் பார்த்திருக்காது.

நாற்பது வயதில் கல்யாணம், மறுவருடமே அருள்மொழி பிறந்தாள். இனிமேல் வரமாட்டேன் என்று ஊரில் சொல்லிவிட்டார். தங்களுக்குப் பதிலாக உள்ளே போக ஆளில்லை என்றதும், பிள்ளைகுட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாராய அடுப்பை அணைத்தார்கள்.

போன மாதம் அதே அருள்மொழி போலீஸ் வேலைக்குத் தேர்வானாள். நன்னடத்தை விசாரணைக்கு வந்த எஸ்.ஐ. பழைய பதிவேட்டைப் புரட்டி, அப்பன் பேரில் இத்தனை வழக்கா என்று மலைத்துப்போய், ஓய்வுபெற்றுக் கள்ளக்குறிச்சியில் இருக்கும் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒரு பெண்ணின் வேலை என் பேனாவில் வந்து நின்றது. உண்மையை எழுதினால் என் பென்ஷனுக்கு ஆபத்து. போகட்டும், பொய் எழுதிய கைதானே! உண்மையையே எழுதப்போகிறேன் என்று சொல்லத்தான் ஆதிமூலத்தின் வீட்டுக்குப் போனேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சாராய அடுப்பு வைத்தவர்களின் பிள்ளைகளும் இந்த வருடம் இதே போலீஸ் பரீட்சை எழுதியிருக்கிறார்களாம். அப்பன்மார் பெயர் வெளியே வந்தால் அவர்களுக்கும் இதே சிக்கல் வரும் என்றார்.

"என் பேர்லயே இருக்கட்டுங்க. பொண்ணு பொறந்ததும் வுட்டுட்டான்னு எழுதுங்க. அது நெசந்தான?"

அப்படியே எழுதிக் கொடுத்தேன். என் சர்வீஸ் முழுக்க எழுதியதில் பொய் குறைந்த காகிதம் அதுதான். இருபத்து நான்கு வருடமாக ஒரு வழக்கும் இல்லை என்று எஸ்.ஐ.யும் சேர்த்து எழுதினார். வேலைக்கான ஆணை வந்துவிட்டது.

ஆணையைக் காட்ட வந்த அருள்மொழியிடம் என் வாய் சும்மா இருக்கவில்லை. உன் அப்பா சாராயமே காய்ச்சியதில்லை என்று போட்டு உடைத்துவிட்டேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் சார். பஸ்ல பக்கத்துல எவனாச்சும் குடிச்சிட்டு வந்தா, எங்கப்பா வழியிலயே எறங்கி வூட்டுக்கு நடந்து வருவாரு. யாருக்கோசரம் உள்ள போனாருன்னுதான் தெரியல. அவரா சொல்ற வரைக்கும் நா கேக்க மாட்டேன்."

அந்தப் பெயர்கள் அத்தனையும் எனக்குத் தெரியும். போலீஸ் வேலைக்குப் போகிறவளிடம் ஒன்றைக்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.