தெரேசம்மாவுக்கு வந்த பாஷை

நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் முதல் வாசனை ஒன்றுதான்: கொதித்த பாலும், நனைந்த சேலைத் தொட்டிலும், தெரேசம்மாவின் தேங்காய் எண்ணெயும். அம்மாமார் கொழுந்தெடுக்கவும் அப்பாமார் ரப்பர் பால் வெட்டவும் போனபின், பிள்ளைக்காம்பராவில் எங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். கூரைக் கட்டையில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். ஒன்றைக் கையால் ஆட்டுவார், இன்னொன்றைக் காலால் ஆட்டுவார், வாய் மூன்றாவது பிள்ளைக்குக் கதை சொல்லும். கதையில் நரி சிங்களம் பேசும், முயல் தமிழ் பேசும். பின்னாளில் டவுன் கடைகளில் நாங்கள் சிங்களத்துக்குப் பயப்படாததற்கு அந்த நரிதான் காரணம்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலைக்கு அலையும் இந்த நாட்களில், அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். சுவரில் புதிதாக வாத்துப் படம் வரைந்திருக்கிறார்கள். இருந்தாலும் ஜன்னலருகில் கால் தானாக மெதுவாகிவிடுகிறது.

பேச்சில் அத்தனை வல்லவருக்கு ஒரு குறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் கணவர் அல்பிரட்டும் மேட்டு லய வீடுகளுக்குப் பக்கத்துத் தகரக்கூரை ஜெபவீட்டுக்குப் போவார்கள். ஆராதனை உச்சத்துக்கு வரும்போது அங்கே சிலருக்கு அந்நியபாஷை வரும். யாருக்கும் விளங்காத அந்த மொழி, பரிசுத்த ஆவி தருவது என்பது அவர்கள் நம்பிக்கை. நேற்று ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குக்கூட வந்தது. தெரேசம்மா கல்யாணமான காலத்திலிருந்து அழுது கேட்டும் அவருக்கு வரவில்லை.

போன வருஷம் வந்தது. பாடிக்கொண்டிருந்தவரின் வார்த்தைகள் திடீரென்று குழறி, தொடர்பில்லாத சத்தங்களாக வெளிவந்தன. வலது கையிலிருந்த பாட்டுப் புத்தகம் நழுவி விழுந்தது. சபை எழுந்து கைதட்டியது. அல்லேலூயா சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. சற்று நேரத்தில் பேச்சு பழையபடி ஆனது. அன்று லயமெங்கும் தட்டுத் தட்டாகக் கிரிபத் என்ற பாற்சோறு போனது. எங்கள் வீட்டுக்கும் வந்தது.

அடுத்த முறை அது பிள்ளைக்காம்பராவில் வந்தது. கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்த நிரோஷா, கூடையை வாசலில் இறக்கியபோது பார்த்துவிட்டார். தெரேசம்மாவின் கையிலிருந்த கோப்பை விழுந்தது. வாயின் ஓர் ஓரம் கீழே இறங்கியிருந்தது. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. ஏதோ விளையாட்டென்று பிள்ளைகள் சிரித்தார்கள்.

பேச்சு திரும்பியதும் தெரேசம்மா, "ஸ்தோத்திரம்" என்றார்.

"என்னா ஸ்தோத்திரம்? ஆயம்மா, ஒங்க வாய் கோணிப் போச்சு!" என்றார் நிரோஷா.

"ஆவியானவர் வந்தா அப்பிடித்தான் புள்ள."

"நீங்க ஜெபமா பண்ணுனீங்க? புள்ளைக்குப் பால்மாவுதானே கரைச்சீங்க. மாவு கரைக்கிறப்ப அவரு எதுக்கு வாறாரு?"

அன்று மாலை தெரேசம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்ற அல்பிரட்டுடன் சண்டை பிடித்தார். "போனா நோய்னு சொல்லிருவாங்க. அப்புறம் எனக்கு வந்தது என்னா? ஒன்னுமில்லன்னு ஆயிருமே."

விஷயம் கேள்விப்பட்டு ஜெபவீட்டுப் பாஸ்டர் ஜூட் வீட்டுக்கு வந்தார். அன்று முதலில் கைதட்டியவர் அவர்தான். "போய்க் காட்டுங்க அக்கா. ஆண்டவர் குடுத்திருந்தா, டாக்டர் பாத்ததுக்காகத் திருப்பி வாங்கிக்க மாட்டாரு" என்றார்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சிங்களத்தில் விளக்கினார். மூளையின் இடப்பக்கத்தில் ஓர் இரத்தக்குழாய், உள்ளே கொழுப்புப் படிந்து ஒடுங்கிப்போயிருந்தது. பேச்சுக்கும் வலது கைக்கும் உரிய பகுதிக்கு அதன் வழியாகத்தான் இரத்தம் போகவேண்டும். இரத்தம் குறையும்போது வார்த்தை குழறும், ஓட்டம் சீரானதும் தெளியும். ஒருநாள் முழுதாக அடைத்துக்கொண்டால் பேச்சு திரும்பாமலே போகலாம். அதைத் தடுக்க முதலில் மாத்திரைகள்: இரத்தம் உறையாமலிருக்க, பிரஷருக்கு, கொழுப்புக்கு. பலருக்கு அதுவே போதும். தெரேசம்மாவுக்குப் போதவில்லை. ஒரு வேளையும் தவறாமல் குடித்தும் மறுபடி நாக்குக் குழறியது. ஆகவே கொழும்பில், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒடுங்கிய இடத்தில் ஸ்டென்ட் என்ற சிறிய வலைக்குழாயை வைக்க முடிவெடுத்தார்கள். வைக்கும்போதே பேச்சு போய்விடும் அபாயமும் உண்டு என்பதை மறைக்காமல் சொன்னார்கள்.

கொழும்பு பஸ்ஸில் தெரேசம்மா வாய் ஓயவில்லையாம். அல்பிரட் மழையில் நனைந்து, பால் வாளியோடு வந்து, தண்ணீர் கேட்கிற சாக்கில் தன்னைப் பார்த்த நாள். முதன்முதல் தொட்டிலில் போட்ட பிள்ளை. மூடிப்போன பழைய தியேட்டர்.

"கொஞ்சம் மூச்சு விடேன்" என்றாராம் அல்பிரட்.

"நாளைக்கு இருக்குமோ என்னமோ. இன்னிக்கே பேசித் தீத்துர்றேன். கேளுங்க."

அல்பிரட் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே போனார்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தோட்டத்துக்குத் திரும்பியபின் வந்த ஞாயிறு, ஜெபவீட்டில் தெரேசம்மா சாட்சி சொல்ல எழுந்தார். நானும் போயிருந்தேன்.

"எனக்கு வந்தது பாஷை இல்லீங்க. நோய். நானும் ஆசையில நம்பிட்டேன், நீங்களும் ஆசையில தட்டிட்டீங்க. நான் கேட்டத ஆண்டவர் இன்னும் குடுக்கல. இருக்கிற பேச்சப் போகவிடாம வச்சிருக்காரு. இனிமே யாருக்காச்சும் வாய் கோணி, கை வுழுந்து, பேச்சு கொழறுனா கை தட்டாதீங்க. ஆஸ்பத்திரிக்கு வண்டியக் கூப்புடுங்க. கொஞ்ச நேரத்துல சரியாப் போனாலும் கூப்புடுங்க."

இதற்கு அல்லேலூயா சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்டர் எழுந்து, மெல்லிய குரலில் "ஆமென்" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க பாஸ்டர்," என்றார் தெரேசம்மா, "கடைசி பெஞ்சுல பாதிப் பேருக்குப் பிரஷர் இருக்கு."