மண்டையோட்டுக்குப் பதில் ஒரு தேங்காய்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தால் கெட்டுப்போன காரியங்கள் ஏராளம். உருப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நல்லூரில் பனியன்களுக்குப் படம் அச்சடிக்கும் ஒரு யூனிட்டில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நின்றபடி பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை, கறை பார்க்கவேண்டும். ஆனால் என் கை சும்மா இருக்காது. காலி அட்டைப்பெட்டி கண்ணில் பட்டால் போதும், கத்தரிக்காய், முருங்கைக்காய், டீ டம்ளர் என்று எதையாவது வரைந்து வைப்பேன். படம் வரைகிற ஆர்ட்டிஸ்ட் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். முதலாளிக்கு அப்போதுதான் அந்த அட்டைப்பெட்டிகள் ஞாபகம் வந்தன. ஒரு சாம்பிள் வரைந்து காட்டு, பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்குப் பிடித்தால் ஜன்னலோரத்து ஆர்ட்டிஸ்ட் மேசை உனக்கு, பிடிக்காவிட்டால் பழையபடி செக்கிங்தான் என்றார். அந்த மேசைக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பையர் அனுப்பியிருந்தது ஏதோ பழைய காலத்து ஓவியத்தின் போட்டோ. மேசைமேல் திராட்சைக் குலை, பாதி தோல் உரித்த எலுமிச்சை, வாடிப்போன ரோஜா, அணைந்த மெழுகுவத்தி. நட்டநடுவில் ஒரு மண்டையோடு. என்ன கண்றாவி இது, பழத்துக்குப் பக்கத்தில் யாராவது மண்டையோட்டை வைப்பார்களா என்று கத்தினேன். பிரிண்டிங் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அவருக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. தவக்காலம் தொடங்கும்போது எங்கள் கோயிலில் ‘மண்ணுக்குத்தான் திரும்பப்போகிறாய்’ என்று சொல்லி நெற்றியில் சாம்பல் பூசுவார்கள், அதே சங்கதிதான் இது என்றார். பூவுக்கு ஒரு பருவம், பழத்துக்கு ஒரு பருவம், மனுஷனுக்கும் ஒரு பருவம் என்று படம் சொல்கிறதாம். சரி என்று வரைய உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை முதலாளியம்மா பூஜைக்கு வந்தார். வாராவாரம் வாழைப்பழமும் திராட்சையும் செவ்வந்தியும் கொண்டுவந்து, சாமிப் படத்துக்கும் மெஷின்களுக்கும் சூடம் காட்டிவிட்டுப் போவார். அந்த மாதம்தான் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. என் மேசையில் பாதி வரைந்த மண்டையோட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

“ஏங்கண்ணு, கல்யாணம் வெச்சிருக்கற ஊட்டுல இதையவா அச்சடிக்கோணும்? வேண்டாஞ்சாமி, வேற ஏதாச்சும் போடு.”

பையர் கொடுத்த படத்தில் கை வைத்தால் சாம்பிள் ரிஜெக்ட் ஆகிவிடும் என்று மாஸ்டர் எச்சரித்தார். முதலாளி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. பூஜைத் தட்டை அப்படியே தூக்கி வந்து மேசையில் வைத்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் கலசத்தின்மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த குடுமித் தேங்காயை முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கி, மண்டையோடு இருந்த இடத்தில் வைத்தேன். குடுமியை ஒதுக்கினால் மூன்று கண்ணும் என்னையே பார்த்தன. இது போதும் என்று தோன்றியது.

செக்கிங் வேலையையும் விடமுடியாது. சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், டீ நேரத்தில் கொஞ்சம் என்று வரைந்தேன். நான் வரைந்து முடிப்பதற்குள் வாழைப்பழம் கறுத்தது, செவ்வந்தி தலை கவிழ்ந்தது. மூன்றாம் நாள் வந்து பார்த்தால் திராட்சையைக் காணோம். கூட வேலை செய்த பெண்கள் தின்றுவிட்டிருந்தார்கள். சண்டைக்குப் போனேன். நீ வரைகிற வேகத்துக்கு அது அழுகித்தான் போயிருக்கும், எங்கள் வயிற்றிலாவது இருக்கட்டும் என்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெறும் காம்பை வரைந்தேன். அது குலையைவிட நன்றாக வந்தது.

சாம்பிள் பனியன் தயாரானதும் பையரே நேரில் வந்தார். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஏஜென்ட் ஒருவர் கூட வந்திருந்தார். அம்மா பனியனை விரித்து வெகுநேரம் பார்த்தார். மண்டையோடு எங்கே என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையிலேயே, மேசை போய்விட்டது என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு அழுகை வருகிற இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

“கல்யாணத்துக்கும் இதையத்தானுங்க ஒடைக்கறோம், கருமாதிக்கும் இதையத்தானுங்க ஒடைக்கறோம். இதுக்கு மேல என்னத்தைங்க காட்டறது?”

இதை எப்படிச் சொல்வது என்று ஏஜென்ட் விழித்தார். அவரை நம்பிப் பயனில்லை. மேசைமேல் இருந்த அதே தேங்காயைத் தூக்கி வாசற்கல்லில் ஓங்கி அடித்தேன். சரிபாதியாகப் பிளந்தது. உள்ளே, எலுமிச்சம்பழம் அளவுக்கு, மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ!

காபித் தட்டோடு நின்றிருந்த முதலாளியம்மா, “பூ உளுந்திருக்குதுங்க, நல்ல சகுனமுங்க” என்று தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். செக்கிங்கில் இருந்த மதுரைப் பக்கத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். நான் குனிந்து இரண்டு மூடியையும் பொறுக்கினேன். இதன் கதை முடிந்துவிட்டது என்று நினைத்துத்தானே இரண்டு வாரமாக இதை வரைந்தேன்! நான் வரைந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அது உள்ளுக்குள் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

பூவைப் பிய்த்து அந்த வெள்ளைக்கார அம்மாவிடம் நீட்டினேன். முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு தின்றார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார். மண்டையோடு வேண்டாம், இந்தப் பூவையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள் என்று ஏஜென்ட் மூலமாகச் சொன்னார். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தில் மாஸ்டரின் தோளில் ஓர் அடி வைத்துவிட்டேன்.

அந்த ஆர்டரில் தையல் கோணலாகிக் கழித்துப்போட்ட ஒரு பனியனை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். வருஷக்கணக்கில் போட்டுத் துவைத்ததில் முதலில் செவ்வந்தி போனது, பிறகு வாழைப்பழம், கடைசியில் தேங்காயும் பூவும்கூட வெளுத்துப்போயின. பிறகு அதைக் கிழித்துத் துடைக்கிற துணியாக்கிக்கொண்டேன். தினமும் காலையில் அதை வைத்து ஜன்னலோரத்து என் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் வரைய உட்காருவேன்.