மைனாவுக்குப் போட்ட உளுந்துக் கட்டு

அப்பாவின் வலது கை முறிந்த ஒன்பதாம் நாள் மைனாவின் இறக்கை முறிந்தது. முதலாவது நடக்காமல் இருந்தால் இரண்டாவதும் நடந்திருக்காது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

குத்தாலத்துக்குத் தெற்கே ஆறு மா நிலத்தை நாங்கள் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தோம். ஆட்சி மாறி, உழுகிறவன் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்ததும், அப்பாவை நச்சரித்து மனு எழுதிக் கொடுத்தவள் நான். கும்பகோணத்தில் பி.யு.சி. முடித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று காத்திருந்த நேரம். எதையாவது படித்தால் அதை அன்றைக்கே செய்துபார்க்க வேண்டும் எனக்கு. பெயர் பதிவாயிற்று. நிலத்துக்காரருக்கு அது பொறுக்கவில்லை. ஆனி மாதம் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று அவருடைய ஆட்கள் ஏரைப் பூட்டிக்கொண்டு எங்கள் வயலில் இறங்கினார்கள். அப்பா குறுக்கே போய் நின்றார். மூங்கில் கழி ஒன்று அவர் முழங்கைக்குக் கீழே விழுந்தது.

தெருவே திரண்டு ஓடி வந்ததால் அவர்கள் திரும்பிப் போனார்கள். ஆனால் அந்தக் குறுவைக்கு நாங்கள் உழாமல் விட்டால், நிலம் எங்கள் அனுபோகத்தில் இருக்கிறது என்று எந்த ஆபீசிலும் சொல்ல முடியாது. சித்தப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். மில்லில் சொல்லிவிட்டு வந்து எங்கள் மாட்டைப் பூட்டினார். அவர் ஏரைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்பாவுக்குக் கட்டுப் போட்ட வைத்தியர் பக்கத்து ஊர்க்காரர். உளுந்து மாவை முட்டை வெள்ளையில் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிச் சுற்றுவார். காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும். மூன்று தடவை வந்து கட்டை மாற்றினார். மூன்று தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்த்தேன். ஒரு நோட்டில் படம்கூடப் போட்டு வைத்தேன்.

மைனா அப்பாவுடையது. சாய்ந்துபோன பனைமரத்துப் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து வந்து, வெட்டுக்கிளியும் பழைய சோறும் கொடுத்து வளர்த்தார். கூண்டு கிடையாது. அவர் வயலுக்குப் போனால் அதுவும் போகும். ஏர் புரட்டிப்போடும் மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டு மாட்டின் காலடியிலேயே நடக்கும். வரப்போரம் மாட்டைத் திருப்புவதற்கு முன்னால் அப்பா நாக்கால் ஒரு சொடுக்குச் சொடுக்குவார். அது எழும்பி அவர் தோளுக்குப் போய்விடும். இது அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த ஏற்பாடு. சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கே தோன்றவில்லை.

காலை ஒன்பது மணி இருக்கும். சித்தப்பா மைனாவைத் துண்டில் ஏந்திக்கொண்டு வந்தார். முழங்கால்வரை சேறு.

“அண்ணே, மாடு திரும்பும்போது மிதிச்சிட்டுண்ணே. நான் கவனிக்கல.”

இடது இறக்கை தோளுக்குப் பக்கத்தில் முறிந்து, எலும்பு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. இறக்கை பிய்ந்த ஓலை மாதிரி தொங்கியது. மைனா கத்தவில்லை. அப்பாவைப் பார்த்ததும் கால்களை ஊன்றி நிற்கப் பார்த்தது.

அப்பா இடது கையால் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “நீ போடா, ஏர் நிக்குது பாரு,” என்றார் சித்தப்பாவிடம். பிறகு என்னிடம் திரும்பினார்.

“என்னம்மா பண்ணலாம்?”

அவர் என்னிடம் அப்படிக் கேட்டது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. தவளையை அறுத்துப் பார்த்தவள் நான். கட்டுப் போடுவதை மூன்று தடவை பார்த்தவள். வைத்தியரைக் கூப்பிடலாமா என்று யோசிக்கக்கூட இல்லை.

“உங்களுக்குப் போட்ட கட்டுதாம்பா. அதே மாதிரி போட்டுடலாம்.”

உளுந்து எங்கள் வயலில் விளைந்ததே இருந்தது. முட்டைக்கு அம்மாவிடம் போனேன்.

“கை முறிஞ்ச மனுசன் தின்னட்டும்னு நாலு முட்டைய பொத்தி வச்சிருக்கேன். மைனாவுக்குப் பூசப் போறாளாம் டாக்டரம்மா,” என்றார். ஆனாலும் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

மஞ்சள் கரைத்த வெந்நீரில் காயத்தைத் துடைத்தேன். எலும்பை உள்ளே தள்ளி நேராக்கினேன். அப்போது மட்டும் மைனா அப்பாவின் கட்டைவிரலைக் கொத்திப் பிடித்துக்கொண்டது. அவர் விரலை இழுக்கவில்லை. இறக்கையை மடித்து உடம்போடு சேர்த்து, மாவு தடவிய துணியை முதுகிலும் மார்பிலுமாக மூன்று சுற்றுச் சுற்றினேன். விளக்குமாற்றுக் குச்சியைப் பத்தையாக வைத்து இன்னும் இரண்டு சுற்று.

“இறுக்கமா இருக்கு போலம்மா,” என்றார் அப்பா.

“இறுக்குனாதாம்பா எலும்பு சேரும்.”

“காயக் காய இன்னும் இழுத்துப் புடிக்கும். எனக்கு ரெண்டு நாளு விரலெல்லாம் மரத்துப் போச்சு.”

“அப்பறம் சரியாயிடுச்சில்ல?”

அவர் தன் கையில் பட்டுத் தெரிந்ததைத்தான் சொன்னார். ஆனால் நான் படித்த பிள்ளை. தாலுகா ஆபீசில் அவர் பேச முடியாததை எழுதிக் கொடுத்தவள். அந்த நம்பிக்கையில் வாயை மூடிக்கொண்டார்.

கட்டு சீக்கிரம் காய வேண்டும் என்று மைனாவை முறத்தில் வைத்து வெயிலில் வைத்தேன். பக்கத்திலேயே நோட்டுடன் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு அலகைத் திறந்து வைத்திருக்கிறது என்று எழுதினேன். தாகம் என்று நினைத்து, பஞ்சில் தண்ணீர் நனைத்து விட்டேன். பன்னிரண்டுக்கு வால் மேலும் கீழும் ஆடுகிறது என்று எழுதினேன். தெம்பு வருகிறது என்று அதற்குப் பக்கத்திலேயே குறித்திருக்கிறேன். நிழலுக்கு மாற்றினேன். கட்டைத் தட்டிப் பார்த்தேன், நன்றாக இறுகியிருந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது தலை முறத்தின் விளிம்பில் சாய்ந்திருந்தது. கண்ணைச் சுற்றியிருந்த மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது.

கத்திரிக்கோலால் கட்டை வெட்டினேன். ஓடு இரண்டாகப் பிளந்து வந்தது. உள்பக்கம் ஒவ்வொரு இறகின் கோடும் அச்சாகப் பதிந்திருந்தது. எலும்பு நேராகத்தான் நின்றது. அப்பா பக்கத்தில் வந்து குந்தி, அந்த ஓட்டை எடுத்து, தன் கட்டைவிரலை உள்ளே விட்டு அழுத்திப் பார்த்தார். கீழே வைத்தார்.

பறவை மூச்சு விட வேண்டுமானால் மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும், மார்பை இறுக்கினால் மூக்கை அடைத்ததற்குச் சமம் என்று பயிற்சிப் பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பிறகு படித்தேன். நான்கே வரி. வால் ஆடினால் மூச்சுக்குத் திணறுகிறது என்றும் அதில் போட்டிருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் சித்தப்பா ஏரைக் கழற்றிவிட்டு நேரே வந்தார்.

“எப்டிண்ணே இருக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

“போயிட்டுடா. மாடு மிதிச்சதுல உள்ளயும் அடிபட்டிருக்கும்.”

சித்தப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “கட்டுப் போட்டும் நிக்கலையா?”

“புள்ள நல்லாத்தான் போட்டுச்சு.”

என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. அது யார் தலையில் போய் உட்காருகிறது என்பதும் அந்த நிமிஷமே புரிந்தது. நான் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சித்தப்பா மறுநாளும் வந்து உழுதார். நடவு முடிகிறவரை ஒருநாள்கூட நிற்கவில்லை. நிலம் எங்களிடமே நின்றது. அப்பா கையும் சேர்ந்தது. ஆனால் எங்கள் வீட்டில் சாப்பிடச் சொன்னால் சித்தப்பா நின்றபடியே ஒரு சொம்பு நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். முன்பெல்லாம் வாசலிலிருந்தே என்னைக் கேலி செய்துகொண்டு வருகிறவர்.

அடுத்த வைகாசியில் பயிற்சிப் பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தேன். சித்தப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு மைனாக் குஞ்சை எடுத்தார். இறகு பாதிதான் முளைத்திருந்தது.

“அஞ்சாறு நாளா மரம் மரமா ஏறுனேண்ணே. என்னால போனதுக்கு இதையாவது வச்சுக்குங்க.”

அப்பா கையை நீட்டவில்லை. தம்பி செய்யாத தப்புக்கு அவனிடமே ஈடு வாங்குவது போல இருந்திருக்கும் அவருக்கு. நான் இரண்டு எட்டுத் தள்ளி நெல் புடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

“வேண்டாம்டா. எடுத்த எடத்துலயே கொண்டு விட்டுடு.”

“அது வாயப் பொளக்குதுண்ணே. பசி.”

“சொன்னா கேளு.”

சித்தப்பா குஞ்சைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். சைக்கிளைத் திருப்பும்போது அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “என் கையால வாங்க மனசு வரல அண்ணனுக்கு. அது நாயந்தான் அண்ணி.”

ஏறி மிதிக்கவில்லை. ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தெரு முனைவரை போனார். நான் முறத்தைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.