லஸ்ஹரின் சர்க்கரை

லஸ்ஹருக்குச் சர்க்கரை இருப்பதை முதலில் சொன்னது ஒரு வேன். பாலைவன ஊரான கெபிலிக்குத் தெற்கே பேரீச்சந்தோட்டங்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது அது வந்து நின்றது. எல்லாருக்கும் இலவசப் பரிசோதனை. அவர் மரத்திலிருந்து இறங்கி நேராகப் போய் விரலை நீட்டினார். பஞ்சால் துடைத்துக் குத்தினார்கள். லிட்டர் ரத்தத்துக்குச் சர்க்கரை மூன்று கிராம் இருபது. ஒன்றுக்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டுமாம். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அதில் முப்பது வருடம் மரத்தின் மேல் போயிருந்தது.

மாத்திரை தொடங்கிய மாதமே மயக்கம் வந்தது. பாதி மரத்தில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, தண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நோய் முற்றுகிறது என்று எல்லாரும் நினைத்தார்கள், அவர் உட்பட. தோட்ட முதலாளி அவரைக் கீழே இறக்கி, பழம் பிரிக்கும் கொட்டகையில் பெண்களோடு உட்காரவைத்தார்.

"வாங்கண்ணே" என்றாள் தாவுஸ். கொட்டகையில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. "உங்களுக்கும் ஒரு முக்காடு தைக்கச் சொல்லவா?"

"முதல்ல உன் வாய்க்கு ஒண்ணு தைக்கச் சொல்லு. துணி மிஞ்சினா எனக்கு."

சிரித்தார்கள். கூரை இடுக்கில் மர உச்சிகள் தெரிந்தன. அவர் அந்தப் பக்கம் முதுகைத் திருப்பி உட்காரப் பழகிக்கொண்டார்.

மாதம் ஒருமுறை வேலைக்கு நடுவே எழுந்து, சாலையைத் தாண்டி மருத்துவமனைக்குப் போய் விரலை நீட்டுவார். இரண்டு எண்பது. மூன்று பத்து. மூன்று நாற்பது. மாத்திரை இரண்டாகி, நான்காயிற்று. பாகு போலத் தேநீர் குடிக்கும் ஊரில் அவருக்கு மட்டும் கசப்புத் தேநீர். நாளெல்லாம் தேன் வடியும் பழங்களைப் பிரித்தவர் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணுண்ணே. பாவம் எனக்கு வரட்டும்" என்பாள் தாவுஸ்.

"பாவம் உனக்கு வரும். கால் எனக்குல்ல போகும்."

மூன்று வருடம் இப்படிப் போயிற்று.

அந்த நவம்பரில் புதிதாக வந்த நர்ஸ் நாஜிஹா குத்திப் பார்த்து, மூன்று முப்பது என்று எழுதினாள். டாக்டர் இன்னும் வரவில்லை. நண்பகல் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. "தொழுதுட்டு வந்துடறேம்மா" என்று போனார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது உதடு வெளுத்திருந்தது. அவள் ஓடிவந்து மறுபடி குத்தினாள். அரை கிராம்தான் காட்டியது. கருவியைத் தட்டிவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். அதே அரை.

ஒரு கிளாஸில் சர்க்கரையைக் கரைத்து நீட்டினாள்.

"எனக்கா? சர்க்கரையா?"

"குடிங்கண்ணே. அப்புறம் சண்டை போடலாம்."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் உதட்டுக்கு நிறம் திரும்பியது. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"இங்கேருந்து போய் என்ன செஞ்சீங்க?"

"தொழுதேன்." சற்று யோசித்தார். குரல் தாழ்ந்தது. "ஆண்டவன் கேட்டுட்டானாம்மா?"

அவள் அவர் கையைப் பார்த்தாள். "தொழறதுக்கு முன்னாடி?"

"கை, முகம், கால் கழுவினேன். எப்பவும் செய்யறதுதானே."

மேசை மேல் யாரோ கொடுத்த பழக்கூடை இருந்தது. ஒரு பழத்தை எடுத்துத் தன் விரலில் தேய்த்தாள். பஞ்சால் துடைத்தாள். குத்தினாள். கருவி இரண்டு தொண்ணூறு காட்டியது. எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து அதே விரலைக் குத்தினாள். ஒன்றுக்கும் குறைவு.

"சர்க்கரை உங்க ரத்தத்துல இல்லண்ணே. விரல்ல இருக்கு."

"அப்ப என் மயக்கம்?"

"அது மாத்திரை. எறக்கறதுக்கு அதிகமா ஒண்ணும் இல்ல, உங்களுக்கு வேண்டியதையே எறக்கிடுச்சு."

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாத நோய்க்கு மூன்று வருடம் மருந்து தின்றிருக்கிறது இந்த உடம்பு. அது தன்னைக் கைவிடுகிறது என்று அவர் நினைத்த நாட்களிலெல்லாம் தாக்குப்பிடித்திருக்கிறது. அவருக்கு அது கூச்சமாக இருந்தது, பெரிய மனிதர் ஒருவரைத் தவறாகப் பேசிவிட்டதைப் போல.

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். கையைக் கழுவச் சொல்லிவிட்டு வாரந்தோறும் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. பெண் மரத்தில் ஆண் பூவைச் சேர்க்கும் காலம் அது. மருத்துவமனையிலிருந்து அவர் வீட்டுக்குப் போகாமல் தோட்டத்துக்குப் போனார்.

செருப்பைக் கழற்றினார். பெண்கள் கொட்டகையிலிருந்து வெளியே வந்து நின்றார்கள். பாதி மரம் வரை வேகமாக ஏறியவர் நின்றார். முன்பு கை நடுங்கிய உயரம். காத்திருந்தார்.

"என்னண்ணே, அங்கேயே குடித்தனமா?" தாவுஸ் கத்தினாள்.

அவர் தண்டில் காதை வைத்தவர் போல அசையாமல் நின்றார். தன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரையும் கேட்காமல், எந்த எண்ணையும் பார்க்காமல் அது போய் வந்துகொண்டிருந்தது. பிறகு ஏறினார். உச்சியில் பாளை வெடித்திருந்தது. இடுப்பிலிருந்து ஆண் பூவின் கொத்தை எடுத்து அதற்குள் செருகி நாரால் கட்டினார். இறங்கி அடுத்த மரத்துக்குப் போனார்.

அன்று பதினான்கு மரம் ஏறினார்.