ஜெயராசா அண்ணனுக்குக் கடை சாத்திய கதை

பதுளை பஜாரில் அந்தத் துணிக்கடையின் ஷட்டரை முப்பத்தொரு வருஷம் தூக்கி இறக்கியவர் ஜெயராசா அண்ணன். லுணுகலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பதினாறு வயதில் கடைக்கு வந்தவர். அவர் ஒரு சேலையை விரித்தால் வாங்காமல் எழுந்து போக யாருக்கும் மனசு வராது. முகம் சுளிக்கிறவர்களிடம், "எடுக்காட்டியும் பரவால்ல, தொட்டுப் பாருங்கக்கா" என்பார். தொட்டவர்கள் எடுத்துவிடுவார்கள்.

நான் நாலு கடை தள்ளி பேனர் அடிக்கிறவன். அவர் முகத்தை ஊரெல்லாம் தொங்கவிட்ட பாவி நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் துபாய்க்கும் கிளம்பிவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் ஒரு மாதம் தாங்கவில்லை. முதலாளியின் மகன் நிரோஷன் கொழும்பில் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்தவன். "கெட்டிக்காரப் பிள்ளைங்க தேடி வரணும்னா, வேலை செய்ய நல்ல எடம்னு கடைக்கு ஒரு பேரு வேணும்" என்றான். பேருக்கு ஒரு முகம் வேண்டுமே, அண்ணனுக்குப் புதுச் சட்டை போட்டு என்னிடம் கூட்டி வந்தான். படம் எடுத்தேன். அதன் கீழே "இது வேலை இல்லை, என் குடும்பம்" என்று எழுதினேன். அண்ணன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை, எழுதியது நான். அவர் வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. நம்ம பிள்ளை மட்டும் இங்க வந்து நிக்கக் கூடாது" என்று சிரித்தார்.

பிள்ளை என்றது மகள் விதுஷாவை. அதற்குப் பிறகு அவள் உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்து, டீச்சராவதற்குக் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகியிருந்தாள். பில் போட அவளை அனுப்பச் சொல்லி முதலாளி இரண்டு தரம் கேட்டும், அண்ணன் "பார்ப்போம் மொதலாளி" என்று மழுப்பியே நாளை ஓட்டினார்.

போன தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. கடைப் படியில் துணிக்கட்டோடு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலாளி மரண வீட்டுக்கு வந்தார், மாலை போட்டார், அழவும் செய்தார். போகும்போது அண்ணனின் மனைவி புஷ்பம் அக்காவிடம், "பிள்ளைய எங்கயும் அனுப்ப வேணாம். நம்ம கடை இருக்கு. ஜெயராசா எங்க குடும்பத்துல ஒருத்தன்" என்றார். அவர் போனபிறகு அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மொதலாளியோட அம்மா செத்தப்ப மூணு நாள் கட சாத்துனாங்க. கண்டியில யாரோ சொந்தக்காரரு செத்ததுக்கும் அரை நாள் சாத்துனாங்க. எல்லாத்துக்கும் ஷட்டர எறக்குனது இவருதான். நாளைக்கு இவரு அந்த வழியாத்தான போறாரு. சாத்துவாங்கல்ல?"

"சாத்தாம என்னக்கா" என்றேன்.

எங்களில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. அக்கா வாசலோடு நின்றுகொண்டார். தப்படித்துக்கொண்டு பஜார் வழியாக அண்ணனைத் தூக்கிப் போனோம். ஹாஷிம் நானா தன் பலசரக்குக் கடையை மூடிவிட்டு ரோட்டோரம் வந்து நின்றார். மற்றக் கடைகளும் பாதி ஷட்டரையாவது இறக்கின. அண்ணனின் கடைக்கு முன்னால் வந்தோம். விரியத் திறந்திருந்தது. உள்ளே தீபாவளிக் கூட்டம். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து கும்பிட்டார். பாடை நகர்ந்ததும் உட்கார்ந்துவிட்டார். மேலே பேனரில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கல்லெடுத்து எறிந்திருப்பேன், அண்ணன் முகத்தில் பட்டுவிடுமே என்று சும்மா இருந்தேன்.

திரும்பி வந்து கால் கழுவும்போதே அக்கா கேட்டார்.

"கட சாத்தியிருந்துச்சா தம்பி?"

அழுதழுது வீங்கிப்போயிருந்த அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல?

"சாத்தியிருந்துச்சுக்கா. முழுசா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப அந்தப் படத்துல எழுதியிருந்தது நெசந்தான்" என்றார்.

கருமாதி முடிந்த மறுவாரம் அக்கா விதுஷாவைக் கடையில் கொண்டுபோய் விட்டார். கேள்விப்பட்டு அரக்கப்பரக்க ஓடினேன்.

"காலேஜுல யாரு எவருன்னு நமக்குத் தெரியாது. அப்பாவுக்காகக் கட சாத்துனவங்ககிட்ட இருக்கட்டும் தம்பி" என்றார் அக்கா.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அண்ணனை இரண்டாம் தரம் சாகடித்ததாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன். கோழைக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்? கல்லூரியில் சேரவேண்டிய தேதியும் வந்து போய்விட்டது. ஒரு பேனரால் நிரோஷனுக்குக் கிடைக்காத கெட்டிக்காரப் பிள்ளையை என் ஒரு பொய் பிடித்துக்கொடுத்துவிட்டது.

போன மாதம் நிரோஷன் அவளைப் படம் எடுக்க என்னிடம் அனுப்பினான். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரி புதுப் பேனர் வேண்டுமாம். கடைச் சீருடைச் சேலையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"விதுஷா, அன்னைக்கு அப்பாவத் தூக்கிட்டுப் போனப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே. மொத நாளே கடையில சொல்லிட்டாங்க." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. இப்பதான் கொஞ்சம் தூங்குறாங்க."

பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அச்சு அசல் அண்ணனின் சிரிப்பு.