செல்லின் மேல் ஒரு ஸ்டிக்கர்

பட்டாசு கம்பெனி விபத்தில் என் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். எனக்குக் காதும், விரல் நுனியில் உணர்ச்சியும் போயின. நான் அழவில்லை.

காது மெஷின் வாங்கினோம். அதில் போடும், சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி செல்லின் மேல் சின்ன ஸ்டிக்கர் இருக்கும். செல்லை எப்படியோ மாட்டிவிடுவேன்; ஸ்டிக்கரை உரிக்க மட்டும் என் விரலுக்கு வராது. வீட்டுக்காரர் லாரி டிரைவர். வடக்கே லோடு போனால் திரும்ப ஒரு மாசம் ஆகும். அதனால் அட்டையில் இருந்த அத்தனை செல்லையும் உரித்து டப்பாவில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் செல் ஓடியது. மற்றவை மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே அடங்கிப்போயின. அவர் வரும்வரை எந்தச் சத்தமும் கேட்காமலே இருந்தேன். அது பெரிதாகத் தெரியவும் இல்லை.

வந்ததும் விருதுநகர் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் புதுச் செல்லை மாட்டிவிட்டுச் சொன்னார்: "உள்ள துத்தநாகம் இருக்கு. ஓட்டை வழியா காத்து போயி அதோட சேந்தாத்தான் கரண்ட் வரும். உரிச்சிட்டா, போடாம வச்சிருந்தாலும் வீணாப் போயிரும். எல்லாத்தையும் ஏன் உரிச்சீக?"

"அவ விரலுக்கு வராதுல்ல" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

இப்போது பக்கத்து ஊர் லோடு மட்டும்தான் எடுக்கிறார்; செல்லை ஒவ்வொன்றாகத்தான் உரிக்கிறார். காற்று ஏற ஒரு நிமிஷம் செல்லை உள்ளங்கையில் வைத்திருப்பார். அப்போது அவர் உதடு அசையும். மெஷினை மாட்டியதும் "கேக்குதா" என்பார். கேட்கிறது என்பேன். அதற்கு முன்னால் என்ன சொன்னார் என்று மட்டும் இதுவரை விசாரித்ததில்லை.